புதிய பாஸ் முறைக்கு மாறும் அணியை எப்படிப் பார்ப்பது? அட்லாண்டா ஃபால்கன்ஸை வைத்து ஒரு வழிகாட்டி

நான்கு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும் என்ற அடிப்படை விதி புரிந்து, ஏதோ ஒரு அணி மனதுக்குப் பிடித்துப்போய், வாராவாரம் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் ஆட்டம் பார்க்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்றாவது ஒரு ஜனவரியில் உங்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரை நீக்குவார்கள். புதியவர் வருவார். அவரோடு, பந்து நம் கையில் இருக்கும்போது என்ன ஆட்டம் ஆடுவது என்று தீர்மானிக்கும் அஃபென்சிவ் கோஆர்டினேட்டரும் மாறுவார். செப்டம்பரில் டிவியைப் போட்டால் பந்தை எறியும் (பாஸ்) அதே குவாட்டர்பேக், அதைப் பிடிக்கும் அதே ரிசீவர்கள். ஆனால் ஏழெட்டு வருட அனுபவம் உள்ளவர் தடுமாறுவார், பந்தை எதிரணியின் கையில் கொடுப்பார். ரசிகர்கள் கோஆர்டினேட்டரைத் திட்டுவார்கள். அந்தச் சமயத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டாக அட்லாண்டா ஃபால்கன்ஸின் 2015, 2016 சீசன்களை வைத்துக்கொள்வோம். இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. 2014 வரை மைக் ஸ்மித் தலைமைப் பயிற்சியாளர், டர்க் கோட்டர் கோஆர்டினேட்டர். 2015இல் டான் குவின் தலைமைப் பொறுப்பேற்று, கைல் ஷானஹனைக் கோஆர்டினேட்டராகக் கொண்டுவந்தார். குவாட்டர்பேக் மாட் ரயன் 2008 முதல் அங்கேயே இருந்தவர். ஷானஹனின் முதல் ஆண்டில் அணி முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. சீசனின் நடுவில் தொடர்ந்து ஆறு தோல்வி. கடைசியில் 8 வெற்றி, 8 தோல்வி. மறு ஆண்டு அதே ரயன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார், அணி லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போனது. இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால், எந்த அணி முறை மாறினாலும் உங்களால் பின்தொடர முடியும்.

முதல் வேலை: வந்தவர் யாரிடம் தொழில் கற்றவர் என்று தேடுங்கள்

இதற்கு ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோஆர்டினேட்டர் நியமிக்கப்பட்ட அன்றே செய்யலாம். இந்தத் தொழிலில் ஒவ்வொருவரும் ஒரு பரம்பரையிலிருந்து வருகிறார்கள். பரம்பரை தெரிந்தால் முறையின் பாதி தெரிந்துவிடும்.

ஷானஹனின் வேர் பில் வால்ஷ் என்ற பயிற்சியாளர் வரை போகிறது. 1970இல் சின்சினாட்டி அணியில் தோள் காயத்தால் குவாட்டர்பேக் கிரெக் குக் ஆட முடியாமல் போனபோது, வால்ஷின் கையில் மிஞ்சியது நெடுந்தூரம் எறியும் வலு இல்லாத, ஆனால் குறி தவறாத வெர்ஜில் கார்ட்டர். அவருக்காக வால்ஷ் குறுகிய, விரைவான, மைதானத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தும் பாஸ் முறையை அமைத்தார். பின்னாளில் ‘வெஸ்ட் கோஸ்ட்’ என்று பெயர் பெற்ற முறைக்கு அதுதான் விதை. கைலின் தந்தை மைக் ஷானஹன் 1992 முதல் 1994 வரை சான் பிரான்சிஸ்கோவில் கோஆர்டினேட்டராக இருந்து அந்த முறையில் தேர்ந்தவர். பிறகு டென்வரில் தலைமைப் பயிற்சியாளரானபோது, அலெக்ஸ் கிப்ஸ் என்ற லைன் (முன்வரிசைத் தடுப்பாளர்கள்) பயிற்சியாளரின் ‘அவுட்சைட் ஸோன்’ ஓட்ட முறையை அதோடு இணைத்தார். மகன் ஹூஸ்டன், வாஷிங்டன், கிளீவ்லேண்ட் என்று சுற்றி, இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு அட்லாண்டாவுக்கு வந்தார்.

இன்னும் இரண்டு பெரிய பரம்பரைகள் உண்டு. டான் கொரியெல் வழி வந்தவர்கள் ரிசீவர் ஓடும் பாதைகளுக்கு எண் கொடுத்து, நீளமான பாஸ்களை நம்புவார்கள். எர்ஹார்ட்–பெர்க்கின்ஸ் வழியில் ஒரே சொல் இரண்டு மூன்று பேரின் பாதையைச் சேர்த்துச் சொல்லிவிடும்; நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் நெடுங்காலம் ஆடியது இதைத்தான். இன்றைய பயிற்சியாளர்கள் எல்லாவற்றிலிருந்தும் கடன் வாங்குகிறார்கள். ஆனாலும் அடித்தளம் எது என்று தெரிந்துகொள்வது உதவும்.

கோடைக்காலச் செய்திகளை எவ்வளவு நம்புவது?

மிகக் குறைவாக. புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்த அணி ஏப்ரல் தொடக்கத்திலேயே பயிற்சியைத் தொடங்கலாம். மற்ற அணிகளைவிட இரண்டு வாரம் முன்னதாக. ஆனால் முதல் சில வாரங்கள் உடற்பயிற்சியும் வகுப்பறையும்தான். மே, ஜூனில் முழு அணியும் சேர்ந்து ஆடிப் பார்க்கக் கிடைப்பது சில நாள்தான், அதிலும் மோதலுக்கு அனுமதி இல்லை. ஜூலைக் கடைசியில்தான் உண்மையான முகாம். ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களில் முக்கிய ஆட்டக்காரர்கள் கொஞ்ச நேரமே இறங்குவார்கள், புத்தகத்தின் முதல் சில பக்கங்களைத் தாண்டி எதையும் காட்ட மாட்டார்கள். அங்கே பாஸ் சரியாகப் போனாலும் போகாவிட்டாலும் அதை வைத்து எதுவும் முடிவு கட்டாதீர்கள்.

செப்டம்பரில்: கடிகாரத்தைப் பாருங்கள்

புதிய முறை அணிக்குள் இறங்கியிருக்கிறதா என்பதன் முதல் தடயம் பந்து நகரும் முன்பே கிடைக்கும்.

ஒரு வாய்ப்பு முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 விநாடி. பயிற்சியாளர் ஒலிவாங்கியில் சொல்வது குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் கேட்கும்; கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். வெஸ்ட் கோஸ்ட் பரம்பரையில் அழைப்புகள் நீளம். யார் எங்கே நிற்பது, யார் இடம் மாறுவது, லைன் யாரைத் தடுப்பது, யார் எந்தப் பாதையில் ஓடுவது, எதிரணியின் அமைப்பு சரிப்படாவிட்டால் எந்த மாற்று ஆட்டம் என்று எல்லாம் அந்த ஒரே மூச்சில் வரும். குவாட்டர்பேக் அதைக் கேட்டு, ஆட்டக்காரர்கள் கூடி நிற்கும் வட்டத்தில் (ஹடில்) பத்துப் பேருக்கும் பிசகாமல் திருப்பிச் சொல்லி, லைனுக்கு வந்து எதிரணியைப் படிக்க வேண்டும்.

ஹடில் கலையும்போது கடிகாரம் எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு கால்பகுதி முழுக்கக் கவனியுங்கள். பதினைந்துக்கு மேல் இருந்தால் குவாட்டர்பேக்குக்குப் படிக்க நேரம் இருக்கிறது. ஏழு, எட்டில் வந்து நின்றால் அவர் அவசரத்தில் ஆடுகிறார் என்று அர்த்தம். முதல் பாதியிலேயே டைம்-அவுட் வீணாவது, தாமதத்துக்கு ஐந்து யார்டு தண்டம் விழுவது, ரிசீவர் நின்ற இடத்திலிருந்து குழம்பிப்போய் கை அசைப்பது, இவையெல்லாம் முறை இன்னும் பாடமாகவில்லை என்பதன் அடையாளங்கள். நவம்பரில் இவை குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பந்தை விடுங்கள், காலைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

டிவியில் கண் தானாகப் பந்தோடு போகும். அதைத் தடுத்து, குவாட்டர்பேக்கின் கால்களில் நிறுத்துங்கள். லைனின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரின் பின்னால் ஒட்டி நின்று பந்தை வாங்கினால், பின்னோக்கி மூன்று, ஐந்து அல்லது ஏழு அடி எடுத்து வைப்பார். மூன்று அடிக்கு ஸ்லான்ட் போன்ற குறுகிய பாதை. ஐந்துக்கு பத்துப் பன்னிரண்டு யார்டில் திரும்பும் பாதை. ஏழுக்கு அதற்கும் அப்பால். அதாவது அடிகளின் எண்ணிக்கையும் ரிசீவரின் பாதையும் முன்கூட்டியே பொருத்தி வைக்கப்பட்டவை. பாடகரும் மிருதங்கக்காரரும் ஆளுக்கொரு கணக்கில் போய்ச் சமத்தில் வந்து சேர்வதைப்போல, குவாட்டர்பேக்கின் பின்கால் தரையில் ஊன்றும் கணமும் ரிசீவர் திரும்பும் கணமும் ஒன்றாக விழ வேண்டும்.

இப்போது எண்ணுங்கள். பின்கால் ஊன்றியதும் பந்து போனால், வரிசைப்படி முதலில் பார்க்க வேண்டிய ஆளுக்கே போயிருக்கிறது. ஒரு சிறு துள்ளல் துள்ளி எறிந்தால் இரண்டாம் ஆள். இரண்டு துள்ளல் என்றால் மூன்றாம் ஆள். அதற்குமேல் துள்ளிக்கொண்டே இருந்தால் முறை உடைந்துவிட்டது, இனி அவர் தன் சொந்த சாமர்த்தியத்தில் பிழைக்கிறார்.

பிறகு மறு ஒளிபரப்பில் ஒன்றைக் கவனியுங்கள்: பந்து கையை விட்டுக் கிளம்பும்போது ரிசீவர் திரும்பிவிட்டாரா, இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாரா? முதுகு தெரியும்போதே பந்து கிளம்பினால், அது நம்பிக்கையோடு எறிந்த பாஸ். அவர் திரும்பி, இடம் கிடைத்ததைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு எறிந்தால், அந்த அரை விநாடியில் எதிரணி டிஃபெண்டர் வந்து சேர்ந்துவிடுவார். புதிய முறையின் முதல் ஆண்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். சரியான ஆளுக்குத்தான் எறிகிறார், ஆனால் தாமதமாக. புள்ளிவிவரத்தில் அது ‘மோசமான பாஸ்’ என்று பதிவாகும். ரயன் எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது (இன்டர்செப்ஷன்) 2015இல் 16 முறை, 2016இல் 7. ஒரே கோடையில் கை வலு கூடிவிடாது.

நேரடி ஒளிபரப்பின் கேமரா தூரத்தில் ஓடும் ரிசீவர்களைக் காட்டாது. 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் ‘ஆல்-22’ காட்சி கிடைத்தால், வாரத்துக்கு ஒரு கால்பகுதியை மட்டுமாவது அதில் பாருங்கள். ஹைலைட்ஸ் வீடியோவில் இது எதுவும் தெரியாது.

ஓட்டத்தையும் பாஸையும் சேர்த்துப் பாருங்கள்

பாஸ் முறை என்றதும் பாஸை மட்டும் பார்ப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. ஷானஹன் வகையில் பாஸின் பாதி வேலையை ஓட்டமே செய்துவிடுகிறது.

அவுட்சைட் ஸோன் ஓட்டத்தில் லைன்காரர்கள் ஐவரும் பந்து கிளம்பியதும் ஒரே பக்கமாக, ஒரே சீராக நகர்வார்கள். பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே எங்கே சந்து திறக்கிறது என்று பார்ப்பார். அதைத் தடுக்க, எதிரணியின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்கள் பக்கவாட்டில் பாய்ந்தாக வேண்டும். இதைப் பலமுறை செய்து காட்டிய பிறகு, லைன் அதே மாதிரி நகரும், ரன்னிங் பேக் அதே மாதிரி ஓடுவார், ஆனால் குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோல் காட்டித் தன்னிடமே வைத்துக்கொள்வார். இதுதான் பிளே ஆக்‌ஷன். லைன்பேக்கர்கள் முன்னால் வந்துவிட்டதால், அவர்களுக்குப் பின்னால் பதினைந்து யார்டு அளவில் பெரிய வெற்றிடம். அங்கே அட்லாண்டாவின் முதன்மை ரிசீவர் ஜூலியோ ஜோன்ஸ் குறுக்கே ஓடிவருவார். இன்னொரு வகையில் குவாட்டர்பேக் எல்லாரும் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் வெளியே ஓடுவார், அது பூட்லெக். அப்போது அவருக்கு முன்னால் ஒருவர் அருகில், ஒருவர் நடுத்தூரத்தில், ஒருவர் தொலைவில் என்று மூன்று அடுக்கில் ரிசீவர்கள் வருவார்கள்.

பார்க்க எளிது. செய்பவருக்குக் கடினம். ஷாட்கன்னில், அதாவது ஐந்து யார்டு பின்னால் தள்ளி நின்று பந்தை வாங்கினால், கண் எதிரணியை விட்டு விலகுவதே இல்லை. சென்டரின் பின்னால் நின்று வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி, பொய்யாகப் பந்தை நீட்டி, மறுபடி திரும்பிப் பார்க்கும்போது எதிரே எல்லாரும் இடம் மாறியிருப்பார்கள். கோட்டரின் கீழ் பெரும்பாலும் ஷாட்கன்னில் ஆடிப் பழகிய ரயனுக்கு, இந்தத் திரும்பல் 2015 முழுக்கப் பழக வேண்டிய வேலையாக இருந்தது.

உங்கள் அணியைப் பார்க்கும்போது ஓட்டத்துக்கும் பிளே ஆக்‌ஷனுக்கும் முதல் ஒரு விநாடியில் வித்தியாசம் தெரிகிறதா என்று சோதியுங்கள். லைன்காரர் ஒருவர் பின்வாங்கி நிமிர்ந்துவிட்டால் ஏமாற்று அங்கேயே முடிந்தது. உங்களுக்கே தெரிந்தால் எதிரணிக்கும் தெரியும்.

தடுப்பு வேலையில் எல்லாருக்கும் பங்கு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸின்போது யார் யாரைத் தடுப்பது என்ற கணக்கும் முறையோடு சேர்ந்து மாறுகிறது. சென்டர் அதைக் கூவி அறிவிப்பார். ரன்னிங் பேக்குக்கும் அதில் பொறுப்பு உண்டு. ஒருவர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 பிப்ரவரி 5இல் ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பௌலின் நான்காம் கால்பகுதி சாட்சி. அட்லாண்டா 28–12 என முன்னிலை. மூன்றாவது வாய்ப்பு, ஒரே ஒரு யார்டு தேவை. ஷானஹன் பாஸ் அழைத்தார். பாய்ந்து வந்த எதிரணி (நியூ இங்கிலாந்து) ஆட்டக்காரர் டாண்டா ஹைடவரை ரன்னிங் பேக் டெவான்டா ஃப்ரீமன் தவறவிட்டார். ரயனின் கையிலிருந்து பந்து பறிபோனது. 28–3 என்று முன்னிலையில் இருந்த அணி கூடுதல் நேரத்தில் 34–28 எனத் தோற்றது. அங்கே ஓட்டம் அழைத்திருக்க வேண்டும் என்பவர்களின் வாதம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு தடுப்பு நடந்திருந்தால் அந்த அழைப்பைப் பற்றி இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் ஆண்டில் யார் புதிதாக வருகிறார்கள்?

முதல் சீசன் முடிந்ததும் அணி யாரை வாங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பெரிய பெயர்களைவிட, கோஆர்டினேட்டரிடம் முன்பே வேலை செய்தவர்களைத் தேடுங்கள்.

2016 மார்ச்சில் அட்லாண்டா வாங்கிய சென்டர் அலெக்ஸ் மேக், 2014இல் கிளீவ்லேண்டில் ஷானஹனின் கீழ் ஆடியவர். அவர் வந்ததும் லைனின் நடுவில் முறையை ஏற்கெனவே அறிந்த ஒருவர் நின்று மற்ற நால்வரையும் நடத்தினார். அந்த ஐவரும் சீசன் முழுக்கச் சேர்ந்தே இறங்கினார்கள். முறை பழகுவதில் இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் ஓர் அணிக்கு வாய்க்காது. கிளீவ்லேண்ட் விடுவித்த டெய்லர் கேப்ரியல் செப்டம்பரில் வந்தார். அவரும் 2014இல் அதே முறையில் ஆடிய ரிசீவர். சின்சினாட்டியிலிருந்து முகமது சனு வந்தார்.

எந்த எண்களைக் குறித்துக்கொள்வது?

வெற்றி தோல்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, மூன்றே எண்களை எழுதி வாருங்கள்: ஒரு பாஸ் முயற்சிக்கு எத்தனை யார்டு, எத்தனை இன்டர்செப்ஷன், முதன்மை ரிசீவருக்கு மொத்தப் பாஸில் என்ன பங்கு.

ரயன் 2015இல் 614 முயற்சியில் 4,591 யார்டு எறிந்தார். முயற்சிக்கு ஏறத்தாழ 7.5. மறு ஆண்டு 534 முயற்சியில் 4,944 யார்டு, முயற்சிக்கு 9.3க்குச் சற்றுக் குறைவு. குறைவாக எறிந்து அதிகம் பெற்றார். டச் டவுன் பாஸ்கள், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெற்றுத் தந்தவை, 21இலிருந்து 38. அணியின் மொத்தப் புள்ளிகள் 339இலிருந்து 540.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது மூன்றாவது எண். ஜூலியோ ஜோன்ஸ் 2015இல் 136 பந்துகளைப் பிடித்தார், 1,871 யார்டு. பிரமாதமான சீசன். ஆனால் ரயனின் பாஸ்களில் மூன்றில் ஒன்று அவரை நோக்கியே போயிற்று. குழப்பத்தில் இருக்கும் குவாட்டர்பேக் தெரிந்த முகத்தைத் தேடுவார். அந்தப் பெரிய எண்ணுக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது. 2016இல் ஜோன்ஸ் பிடித்தது 83தான், இரண்டு ஆட்டங்களில் அவர் ஆடவில்லை என்பதும் ஒரு காரணம். அதே ஆண்டு ரயன் 13 வெவ்வேறு ஆட்டக்காரர்களுக்கு டச் டவுன் பாஸ் கொடுத்து லீக் சாதனை படைத்தார். எதிரணியின் அமைப்பு எங்கே இடம் விடுகிறதோ அங்கே பந்து போனது. ஜோன்ஸ் பக்கமே இடம் கிடைத்தபோது அங்கேயும் போனது: அக்டோபர் 2 அன்று கரோலினாவுக்கு எதிராக ரயன் 503 யார்டு, ஜோன்ஸ் மட்டும் 300.

எவ்வளவு நாள் பொறுப்பது?

ஒரு ஞாயிறை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 2015 டிசம்பர் 13இல் கரோலினா அட்லாண்டாவை 38–0 என நசுக்கியது. இரண்டே வாரம் கழித்து, 14 ஆட்டங்களையும் வென்றிருந்த அதே கரோலினாவை அட்லாண்டா 20–13 என வென்றது. இரண்டையும் ஒரே அணி, ஒரே முறையில்தான் ஆடியது.

இரண்டாம் சீசனின் நடுப்பகுதி வரை பொறுப்பது நியாயம் என்பது என் கருத்து. 2019இல் மாட் லஃபிளர் கிரீன் பே அணியின் தலைமைப் பயிற்சியாளராகி குவாட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸுக்குப் புதிய முறையைக் கொண்டுவந்தார். லஃபிளர் அட்லாண்டாவில் 2015, 2016 இரண்டு ஆண்டும் குவாட்டர்பேக் பயிற்சியாளராக இருந்தவர். முதல் ஆண்டு ராட்ஜர்ஸ் 26 டச் டவுன், 62 சதவீதத் துல்லியம். இரண்டாம் ஆண்டு 48 டச் டவுன், 70.7 சதவீதம், மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. வால்ஷே 1979இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த முதல் ஆண்டு 2 வெற்றி, 14 தோல்வி. மூன்றாம் சீசனில்தான் கோப்பை.

இது விதி அல்ல. கல்லூரிக் கால்பந்தில் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 2019இல் ஜோ பிரேடியைப் பாஸ் ஆட்டப் பயிற்சியாளராகக் கொண்டுவந்த முதல் ஆண்டிலேயே குவாட்டர்பேக் ஜோ பரோ 60 டச் டவுன் எறிந்தார், அணி 15 ஆட்டங்களையும் வென்றது. ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் இருவரும் ரிசீவர்களாக இருந்த அணி அது.

முறை ஊறிய பிறகும் கோஆர்டினேட்டர் போய்விடலாம். சூப்பர் பௌல் முடிந்ததும் ஷானஹன் சான் பிரான்சிஸ்கோவின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். 2017இல் அவர் இடத்துக்கு ஸ்டீவ் சார்க்கீசியன் வந்தார். ரயன், ஜோன்ஸ், மேக், ஃப்ரீமன் எல்லாரும் இருந்தார்கள். ஆனாலும் புள்ளிகள் 540இலிருந்து 353க்கு இறங்கின. எந்த நொடியில் எந்த ஆட்டத்தை அழைப்பது என்பது புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகக்கூடியது அல்ல.

பழகிப் பார்க்க

அட்லாண்டா 2015 டிசம்பரில் கரோலினாவோடு ஆடிய இரண்டு ஆட்டங்கள், 2016 அக்டோபர் 2இல் அதே கரோலினாவோடு ஆடியது, மொத்தம் மூன்று. ஒவ்வொன்றிலும் முதல் கால்பகுதி போதும். முதல் சுற்றில் ஹடில் கலையும்போது கடிகாரத்தைக் குறியுங்கள். இரண்டாம் சுற்றில் ரயனின் கால்களை மட்டும் பாருங்கள், துள்ளல்களை எண்ணுங்கள். மூன்றாம் சுற்றில் லைன் நகரும் திசையை வைத்து ஓட்டமா பாஸா என்று ஊகித்து, நிறுத்திவைத்துச் சரிபாருங்கள். பிறகு உங்கள் அணியின் அடுத்த ஆட்டத்துக்கு அதே குறிப்பேட்டோடு உட்காருங்கள்.